கிளினிக்கல் டிரயல் துறையில் நுழைய விரும்புவோருக்கு

புதிய மருந்து மனிதர்களுக்குப் பாதுகாப்பானதா, பயன் தருகிறதா என்று சோதித்தறியும் கிளினிக்கல் டிரயல் துறையில் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்தச் சான்றிதழ் படிப்பில் சேரலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த வேலை தமக்கு ஒத்துவரும் என்று அதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது. ஆய்வு நடக்கும் மருத்துவமனையில் நோயாளிகளோடு பழகி, அவர்களுடைய வருகைகளையும் பதிவேடுகளையும் கவனித்துக்கொள்பவர் ஒருங்கிணைப்பாளர். ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் சார்பில் அங்கே சென்று அந்தப் பதிவேடுகளைச் சரிபார்ப்பவர் கண்காணிப்பாளர். தரவு மேலாண்மை, மருந்துப் பாதுகாப்பு, மருத்துவ எழுத்து ஆகியவை பெரும்பாலும் கணினியின் முன் அமர்ந்து செய்யும் வேலைகள். மருந்தியல், செவிலியம், உயிரியல் போன்ற பட்டங்கள் இவற்றில் பலவற்றுக்குப் போதும். புள்ளியியல் பிரிவுக்கு மட்டும் அந்தப் பாடத்தில் பட்டமும், புள்ளியியல் கணக்கீட்டுக்கான எஸ்.ஏ.எஸ். (SAS) மென்பொருளிலோ ஆர் (R) கணினி மொழியிலோ பயிற்சியும் தேவைப்படும்.

கண்காணிப்பாளர் வேலைக்குப் பயணமும் சம்பளமும் அதிகம் என்பதால் எல்லோரும் அதையே குறிவைக்கிறார்கள். ஆனால் ஓராண்டாவது ஒருங்கிணைப்பாளராக இருந்தவரே நல்ல கண்காணிப்பாளராக வருவார் என்பது என் கருத்து. பிழை எந்த நெருக்கடியில் நேர்கிறது என்பதைப் பார்த்தவருக்குத்தான் அதை எங்கே தேடுவது என்று தெரியும்.

படிப்பைப் பொறுத்தவரை, மருந்து ஒழுங்குமுறைகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். (ICH) அமைப்பின் ஜி.சி.பி. (GCP) வழிகாட்டியிலிருந்து, அதாவது ஆய்வை முறையாக நடத்துவதற்கான நெறிகளிலிருந்து தொடங்குங்கள். ஈ6 என்ற எண் கொண்ட அந்த ஆவணத்தின் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியானது. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1964இல் உருவாகி, கடைசியாக 2024இல் திருத்தப்பட்ட, மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறிகளைக் கூறும் ஹெல்சின்கி பிரகடனத்தையும் உடன் படிக்க வேண்டும். அடுத்து, 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கும் கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் (ClinicalTrials.gov) என்ற, ஆய்வுகளைப் பட்டியலிடும் அமெரிக்க அரசின் இணையதளத்தில், முடிவுகள் வெளியான ஓர் ஆய்வைத் தேர்ந்தெடுங்கள். அண்மைக்கால ஆய்வுகள் பலவற்றுக்கு முழு புரோட்டோகாலும், அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்ற விரிவான திட்ட ஆவணமும் அங்கேயே இருக்கும். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக்கூடாது என்ற நிபந்தனைகளைப் படித்துவிட்டு, கற்பனையாக ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, அவர் எந்த வரியில் தகுதி இழக்கிறார் என்று தேடிப் பாருங்கள். இந்தப் பயிற்சியை நான்கைந்து முறை செய்தால், விலையுயர்ந்த பல படிப்புகள் கற்றுத்தராதது கைவரும்.

இந்த வேலையின் உயிர்நாடி பதிவேடுதான். ஒப்புதல் படிவத்தில் நோயாளி கையெழுத்திட்ட நேரம் காலை 10.20 என்றும், ஆய்வுக்காகவே அவரிடம் இரத்தம் எடுத்த நேரம் 10.05 என்றும் இருந்தால், பதினைந்து நிமிட வேறுபாடுதானே என்று விட்டுவிட முடியாது. ஒப்புதல் பெறாமல் ஊசி குத்தியதாகவே அது பொருள்படும். நடந்தது அதுவே என்றால் மீறலாகப் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும். நேரத்தைத்தான் தவறாகக் குறித்தோம் என்றால், பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை அருகில் எழுதி, காரணத்தைக் குறிப்பிட்டு, சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் இட வேண்டும். வெள்ளை மை பூசுவதோ, முன்தேதி போடுவதோ கூடாது. நானும் புதிதாகச் சேர்ந்த நாட்களில் ஒரு தாளை அழகாக இருக்கட்டும் என்று திரும்ப எழுதிவிட்டு மூலத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்கு விளக்கம் எழுதவே ஒரு வாரம் ஆயிற்று.

பக்கவிளைவுகளுக்கும் இதே கண்டிப்பு உண்டு. தீவிரப் பாதிப்பு எதுவானாலும், தெரியவந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று புரோட்டோகால்கள் பொதுவாக விதிக்கின்றன. அது மருந்தால் நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்டு, எதிர்பாராததாகவும், மரணம் விளைவித்ததாகவோ உயிருக்கு ஆபத்தானதாகவோ இருந்தால், அந்த நிறுவனம் 7 நாட்களுக்குள் அரசின் ஒழுங்குமுறை அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஐ.சி.எச். நெறி, எதிர்பாராத பிற தீவிர விளைவுகளுக்கு 15 நாட்கள்.

பெயர்பெற்ற தொழில்முறைச் சான்றிதழ்கள் பெரும்பாலும் பணி அனுபவத்தையும் கேட்பதால், அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் ஜி.சி.பி. பயிற்சி முடித்த தேதியைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தீவிரமான பாதிப்புக்கும் கடுமையான பாதிப்புக்கும் என்ன வேறுபாடு என்று நேர்காணலில் கேட்கக்கூடும். கடுமை என்பது வலியின் அளவைப் போன்றது. தீவிரம் என்பது மரணம், உயிராபத்து, மருத்துவமனை அனுமதி, நீடித்த ஊனம் முதலிய விளைவுகளைக் கொண்டு தீர்மானிக்கப்படுவது. தாங்கமுடியாத தலைவலி கடுமையானதே தவிர, அதனால் மட்டும் தீவிரமானதாகிவிடாது என்று எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.