நீலகிரியில் களப்பயணமா? ஒரு சரிவை ஒரே படமாக வரையுங்கள்

நீலகிரிக்குக் களப்பயணம் போகும் மாணவர்கள் பாறைக்கு ஒரு நோட்டு, செடிக்கு ஒரு நோட்டு என்று பிரித்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட, எதிரே தெரியும் ஒரு சரிவை உச்சியிலிருந்து ஓடை வரை ஒரே கோடாக வரையுங்கள். கோட்டுக்குக் கீழே பாறையும் மண்ணும், மேலே செடிகொடிகள், அதற்கும் மேலே அந்த நிலத்தை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது.

பாறையைப் பார்க்கச் சுத்தியல் வேண்டாம். சாலை போட மலையை வெட்டிய இடமே போதும். மேலே செம்மண், நடுவில் வெங்காயத் தோல்போல உரியும் உருண்டைகள், அடியில் சார்னோகைட் என்ற கருஞ்சாம்பல் நிறக் கடினப் பாறை. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் சில இடங்களில் கார்னெட் என்ற கனிமத்தின் மணிகள் சிவப்பாகத் தெரியும். சுமார் 250 கோடி ஆண்டு பழைய பாறை அது! எனக்கு இன்றும் அலுக்காத காட்சி.

மேட்டில் புல்வெளி, பள்ளத்தில் சோலை எனப்படும் அடர்ந்த குட்டைக் காடு என்ற அமைப்பு படத்திலேயே விளங்கிவிடும். அப்புறம் தேயிலை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (புல்வெளிகளில் நடப்பட்ட வாட்டில் என்ற அயல்நாட்டு மரம்) எல்லாம் எங்கே தொடங்குகின்றன என்று குறியுங்கள். சீகையை வெட்டிய இடத்தில் கன்றுகள் முளைத்திருக்கின்றனவா என்று அவசியம் பாருங்கள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். புல்வெளியை மீட்பது அதனால்தான் இத்தனை கடினம்.

காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி கட்டாயம். பேனா வேண்டாம், மழையில் மை கரையும், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.