ரெய்டு 1: டிஸ்க் பெரிதாகியும் இடம் கூடவில்லையா?

ரெய்டு 1 என்பது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் முறை. லினக்ஸ் சர்வரில் அப்படி உள்ள இரண்டு 2 டிபி டிஸ்க்கையும் 4 டிபியாக மாற்றிய பிறகும், இட அளவைச் சொல்லும் டிஎஃப் கட்டளை பழைய அளவையே காட்டும். பார்ட்டிஷன், எம்டி அர்ரே (இரண்டு டிஸ்க்கும் சேர்ந்த ரெய்டு தொகுப்பு), ஃபைல் சிஸ்டம் என மூன்றையும் தனித்தனியாகப் பெருக்க வேண்டும்.

டிஸ்க்கை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ரெய்டு நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் ஃபைலில் இரண்டு 'யு' (இரண்டு டிஸ்க்கும் சரி என்ற குறி) தெரியும்வரை அடுத்ததைத் தொடவே கூடாது. அவசரப்பட்டால் டேட்டா போச்சு. புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி வகைதான். பழைய வகையான எம்பிஆர் 2 டிபியோடு நின்றுவிடும்.

பிறகு, ரெய்டைக் கையாளும் எம்டிஏடிஎம் கருவியின் குரோ கட்டளையில் சைஸை 'மேக்ஸ்' என்று கொடுங்கள். இன்டர்னல் பிட்மேப் (எந்தப் பகுதி இன்னும் ஒத்திசைய வேண்டும் என்று அர்ரே வைக்கும் குறிப்பு) காரணமாக மறுத்தால், அதை நீக்கிப் பெருக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாம்.

ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 வகை என்றால் அதைப் பெருக்க ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளை, மவுண்டில் (பயன்பாட்டில்) இருக்கும்போதே ஓடும். சுருக்குவதானால் முதலில் ஃபைல் சிஸ்டம், அதுவும் அன்மவுண்ட் செய்துவிட்டு, அப்புறம்தான் அர்ரே. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் சுருக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.