செட்டிநாட்டில் நாள் முழுக்க சைக்கிள்: சமதரையை நம்பி ஏமாறாதீர்கள்

காரைக்குடியைச் சுற்றி ஏறி இறங்க மலை கிடையாது. குன்றக்குடி முருகன் இருக்கும் குன்றும் திருமயம் கோட்டை நிற்கும் பாறையும்தான் கண்ணில் படும் உயரங்கள். அதனாலேயே சனி, ஞாயிறு கூடாரத்தோடு வருகிறவர்கள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். சுற்றி வந்தால் 70, 80 கிலோமீட்டர். பழகியவர்களுக்கு இது பெரிய தூரமில்லை. ஆனால் தரை சமமாக இருந்தால் உடம்புக்கு வேலை குறைவு என்று நினைப்பதுதான் முதல் தவறு.

மலைச்சாலையில் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் மிதிக்காமல் விட்டுவிடுவோம். உடம்புக்கு ஓய்வு தானாகக் கிடைத்துவிடும். சமதரையில் அதை நாமாகத்தான் கொடுக்க வேண்டும். மணிக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே மாதிரி கைப்பிடியைப் பிடித்து மிதித்தால் உட்காரும் இடம் புண்ணாகும், உள்ளங்கை மரத்துப்போகும். கால் மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நின்று கொஞ்ச தூரம் மிதியுங்கள், பிடியை மாற்றுங்கள். சீட் உயரத்தையும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டு முன்பாதத்தால் மிதித்தால், முட்டி லேசாக மடிந்து சரியாக இருக்கும். சீட் தாழ்வாக இருந்தால் மாலைக்குள் முட்டி வலி வந்துவிடும். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசருக்குள் ஜட்டி போடாதீர்கள். அதன் தையல்தான் தொடையை அறுக்கும்.

அடுத்தது வெயில். இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பயணமே வேண்டாம். மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். அப்போதும் டீ குடித்து, படம் எடுத்து, எட்டரைக்குக் கிளம்புகிறவர்கள் நாளின் நல்ல பாதியை இழந்துவிடுகிறார்கள். வெளுக்கும்போதே கிளம்பி, பத்து மணிக்குள் பாதி தூரத்துக்கு மேல் முடித்துவிடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை சைக்கிளைத் தொடாதீர்கள். அந்த நேரத்தைக் கழிக்க இதைவிட நல்ல ஊர்கள் கிடைக்காது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் தரைக்கல் செய்வதைப் பார்க்கலாம். கானாடுகாத்தானில் பார்க்க அனுமதிக்கும் வீடுகளுக்குள் போனால் முற்றத்துக் குளிர்ச்சியில் உடம்பு தேறும். பிள்ளையார்பட்டியைக் காலையிலேயே முடியுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். திருமயத்தை இந்த நாளிலிருந்தே எடுத்துவிடுங்கள். வெயிலில் சுட்ட பாறை மேல் ஏறிவிட்டுத் திரும்பவும் மிதிப்பது வேண்டாத வேலை.

தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு குடிப்பதும் தவறு. அடிக்கடி, ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட மோரும் வேண்டும். தலைவலி, குமட்டல், வெயிலிலேயே குளிர் நடுக்கம் வந்தால் அதோடு அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு, நிழலில் படுத்து ஈரத்துணி போடுங்கள். பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.

காரைக்குடி வந்துவிட்டு மெஸ் சாப்பாட்டை விடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் மதியம் கறிக்குழம்பும் நண்டும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மிதிக்க முடியாது. அதை இரவுக்கு வையுங்கள். பகலில் இட்லி, இடியாப்பம், வாழைப்பழம் போதும். பையில் மாவுருண்டை இருக்கட்டும். பாசிப்பருப்பு, சர்க்கரை, நெய் மூன்றும் சேர்ந்த அது சைக்கிள்காரர்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

இனி முள். செட்டிநாட்டில் சைக்கிளை நிறுத்துவது பெரும்பாலும் சீமைக் கருவேல முள்தான். வெட்டிய கிளைகளைச் சாலையோரம் போட்டிருப்பார்கள், வண்டியிலிருந்தும் உதிர்ந்து கிடக்கும். படம் எடுப்பதற்காக ஓரத்துச் செம்மண்ணில் சைக்கிளை இறக்காதீர்கள். பஞ்சரானால் டியூபை மட்டும் மாற்றி அவசரமாகக் காற்றடிப்பது எல்லோரும் செய்யும் தவறு. முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், புது டியூபும் சிறிது தூரத்திலேயே போய்விடும். டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள். நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். அதைப் பிடுங்கிய பிறகுதான் டியூபைப் போட வேண்டும். ஊர்களில் பஞ்சர் கடை இருக்கிறது என்று பம்பை விட்டுவிட்டும் வராதீர்கள். ஒல்லியான வால்வு உள்ள விலை உயர்ந்த சைக்கிளுக்கு அங்குள்ள பம்பு பொருந்தாமல் போகலாம். அந்த வால்வுக்குப் பித்தளை அடாப்டர் கிடைக்கும். விலை குறைவு, கட்டாயம் வாங்குங்கள்.

திருச்சி - இராமேசுவரம் நெடுஞ்சாலையில் போவதைத் தவிர்த்து ஊர்ச்சாலைகளில் போங்கள். அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் உளுந்துச் செடியும் காயும். அதன் மேல் ஏற்றாமல் சுற்றிப் போங்கள். செடித்தண்டு செயினில் சிக்கினால் அவிழ்ப்பது கஷ்டம், அது ஒருவருடைய விளைச்சலும்கூட. தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியும் பக்தர்களும் வருவார்கள். அப்போது பயணத்தை வேறு வாரத்துக்கு மாற்றுவதே நல்லது.

கூடாரம் போட இடத்தை இருட்டிய பிறகு தேடாதீர்கள். தெரிந்தவர் தோப்பு என்றால் நல்லது, இல்லையென்றால் ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வறண்ட கண்மாய் உள்வாய் சமமாக, அழகாகத் தெரியும். மழை வந்தால் தண்ணீர் சேரும் இடம் அதுதான். அய்யனார் கோயில் குதிரைகளில் ஈரத்துணி காயப் போடுவது மிகத் தவறு. குடிநீர் ஊரணி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. குளிக்க ஒன்று, குடிக்க ஒன்று என்று பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் இங்கே உண்டு. குடிக்கும் ஊரணியில் செருப்புக் காலோடு இறங்கவே கூடாது, சோப்பு போடவும் கூடாது. எது எது என்று முதலில் கேளுங்கள். கேட்டால் குளிக்கும் ஊரணிக்கு வழி சொல்வார்கள்.

இரவு ஷூவைக் கூடாரத்துக்குள் வையுங்கள். வெளியே விட்டிருந்தால், காலையில் நன்றாகத் தட்டி உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். ஞாயிறன்று 20 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் வேண்டாம்.