பழைய எக்ஸ்5-இன் உதறல் நின்ற கதை

என்னுடையது 2009 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 டீசல். சிக்னலில் வேகம் குறையும்போது பின்னாலிருந்து யாரோ தட்டியதுபோல் ஓர் உதறல். கியர் ஆயிலை மாற்றலாமா என்று கேட்டால், ‘கியர் ஆயில் ஆயுசுக்கும் வரும் சார்’ என்றார்கள் ஒரு சர்வீஸ் சென்டரில். யாருடைய ஆயுசோ! கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்கிறது.

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். இதில் ஃபில்டர், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் தட்டான ‘ஆயில் பேனோடு’ சேர்ந்தே வரும். எனவே பேனையே மாற்ற வேண்டும். இறங்கிய ஆயில் டிகாக்‌ஷன் நிறம். பேனுக்குள் இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத்தில் சாம்பல் பசை மட்டும்தான். “இரும்புத் துண்டு இல்ல தம்பி, தப்பிச்சீங்க.” புது ஆயிலை, இன்ஜின் ஓட, சூடு 40 டிகிரி வாக்கில் இருக்கும்போது, ஆயில் ஊற்றும் துளையில் மெல்ல வழியும்வரை ஊற்றினார். இங்கே அவசரப்பட்டால் அளவு தப்பும்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. வண்டி இடப்பக்கம் இழுத்தது. அந்த முன் டயரின் உள்விளிம்பு வழுக்கை. நேரே அலைன்மென்ட் கடைக்குக் கிளம்பினேன், அண்ணன் விடவில்லை. “கிழிஞ்ச ரப்பர் புஷ்ஷோட போனா அலைன்மென்ட் ஒரு வாரம் நிக்காது.” சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்மின் புஷ்ஷை இரண்டு பக்கமும் மாற்றி, பிறகு நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் போட்டோம். ஸ்டியரிங் நேராகிவிட்டது. உதறல் முதல் நாள் லேசாக இருந்தது, மறுநாள் காணோம்.