அழைப்பிதழ் வடிவில் வரும் ஏபிகே: ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் காத்துக்கொள்வது எப்படி?

வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் எண்ணிலிருந்தே திருமண அழைப்பிதழ் என்றோ போக்குவரத்து அபராத ரசீது என்றோ ஒரு கோப்பு வந்தால், அதைத் திறக்கும் முன் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். ‘ஏபிகே’ (.apk) என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அன்று, ஒரு செயலி. அழைப்பிதழ் பொதுவாகப் படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரும். அனுப்பியவரின் கைப்பேசியே அவர் அறியாமல் பிறர் வசம் போயிருக்கலாம் என்பதால், அவரை அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

இத்தகைய செயலி நிறுவப்பட்டதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும்; கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கண்ணில் படுமுன்னரே மோசடிக்காரரைச் சென்றடையும். ஆகவே அமைப்புகளில் ‘அறியப்படாத செயலிகளை நிறுவு’ என்னும் பகுதிக்குச் சென்று, வாட்ஸ்அப், குரோம் இரண்டுக்கும் அந்த அனுமதியை அணைத்து வையுங்கள். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதைவிட, என் கணிப்பில், இந்த ஒரு பொத்தான் அதிகம் உதவும்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? முதலில் டேட்டாவையும் வைஃபையையும் துண்டியுங்கள். பிறகு வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் உடனே புகாரளியுங்கள், ஏனெனில் தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. செயலி நீக்க முடியாமல் அடம்பிடித்தால், அமைப்புகளில் உள்ள ‘சாதன நிர்வாகி’ (Device admin) பட்டியலில் அதன் குறியை எடுத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.