சிஎஸ்வி ஏற்றினால் வாடிக்கையாளர் பதிவு இரட்டிப்பாகிறதா?

சொந்த சர்வரில் ஓடும் ஓப்பன் சோர்ஸ் சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்), திருத்திய வாடிக்கையாளர் பட்டியலை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஏற்றினால் பழைய பதிவு மாறாமல் அதே பெயரில் புதியது ஒன்று முளைத்தது. பிழைச்செய்தியே இல்லை. பயனர் அனுமதி, டூப்ளிகேட் விதி, கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) எல்லாம் பார்த்ததில் நாட்கள்தான் வீண்.

பதிவின் அடையாள எண்ணான ஐடி உள்ள நெடுவரிசையை முதலிடத்திலிருந்து இரண்டாவதுக்கு நகர்த்தியபோது மட்டும் சரியாகப் பொருந்தியது. அதுதான் தடயம். எக்செல்லில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' (தமிழ் உட்பட எல்லா எழுத்துகளையும் ஏற்கும் குறியாக்கம்) என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் எனும் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் ஒட்டிக்கொள்ளும். முதல் நெடுவரிசையின் தலைப்பு மென்பொருளுக்கு வேறு சொல்லாகிவிடும்; ஐடி அங்கே இருந்தால் அதை அடையாளம் காணாமல் புதிய பதிவு போட்டுவிடும். சாதாரண சிஎஸ்வியோ தமிழ்ப் பெயர்களைக் கேள்விக்குறிகளாக்கிவிடும்.

கோப்பை நோட்பேட்++ எனும் உரைத்தொகுப்பானில் திறந்தால் கீழ்ப்பட்டையில் 'யூடிஎஃப்-8-பிஓஎம்' என்றிருந்தது. என்கோடிங் மெனுவில் 'கன்வெர்ட் டு யூடிஎஃப்-8' கொடுத்துச் சேமித்து ஏற்றினேன், தீர்ந்தது. இரட்டைப் பதிவுகளை உருவான தேதியால் வடிகட்டி நீக்குங்கள்.