முதல் சந்திப்பிலேயே தூதுக்குழு: சிவிலைசேஷன் 6 ஆடுவோருக்கு

நாகரிகம் ஒன்றை வளர்க்கும் கம்ப்யூட்டர் விளையாட்டான சிவிலைசேஷன் 6-இல் வேறொரு நாகரிகத்தின் தலைவரைப் புதிதாகச் சந்தித்தால், அந்த டர்னை (உங்கள் ஆட்ட முறையை) முடிப்பதற்குள் 25 தங்கம் கொடுத்துத் தூதுக்குழுவை அனுப்பிவிடுங்கள். அடுத்த டர்னுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் சந்திப்பில் அந்தத் தலைவரை ஆட்டும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் மறுப்பதில்லை. சில டர்ன் போனால் உங்கள் படை சின்னது, ஊர் பக்கத்தில் இருக்கிறது என்று ஏதாவது காரணத்தில் முகம் சுளித்துவிடும். அப்புறம் அதே 25 தங்கத்தை நீட்டினாலும் வாங்காது. வாங்கிக்கொண்டால் உறவில் +3 ஏறும். அது நட்பு அறிவிப்பு வரை போய்விட்டால், சாதாரண வேகத்தில் 30 டர்னுக்கு இருவரும் ஒருவர்மேல் ஒருவர் போர் தொடுக்க முடியாது. புது ஊர் அமைக்கும் செட்லர்களை அனுப்பி ஊர் பெருக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பெங்களூரு மடிவாளாவில் வார இறுதியில் சேர்ந்து ஆடும் எங்கள் கூட்டத்தில் எல்லாருமே சறுக்குவது ஒரே இடத்தில்தான்: சேர்ந்த தங்கத்தையெல்லாம் நிலத்தை மேம்படுத்தும் பில்டர் வாங்கக் கொடுத்துவிடுவோம், வரைபடத்தைச் சுற்றிப் பார்க்கும் ஸ்கவுட் ஒரு தலைவரைக் கண்டுபிடிக்கும்போது கையில் 11 தங்கம்தான் இருக்கும். அக்கம்பக்கத்தார் யார் என்று தெரியும்வரை 25-ஐத் தொடாதீர்கள்.

அவர்கள் எல்லையை ஒட்டி ஊர் வைத்தாலோ, அந்தத் தலைவரின் அஜெண்டாவுக்கு (அவருக்குப் பிடித்த, பிடிக்காத விஷயங்களுக்கு) எதிராக நடந்தாலோ இந்த +3 போதாது. மிகக் கடினமான டெய்ட்டி நிலையில் தூது போனாலும் படை வரலாம், இரண்டு வில்லாளிகளையாவது தயாராக வையுங்கள். நண்பர்களோடு மல்டிபிளேயர் ஆடும்போது எதிரில் மனிதர் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அவரிடம் நேரில் பேசித்தான் ஆக வேண்டும்.